ஆர்டர் இருக்கு... லாபம் எங்கே? அம்பத்தூர் பட்டறைகளுக்குத் தெரிய வேண்டிய 'பங்களிப்பு' கணக்கு

மெஷின் ஓடுகிறது. இரண்டு ஷிஃப்ட் வேலை நடக்கிறது. சாயங்காலம் ஆனால் டாடா ஏஸில் சரக்கு ஏறிப் போகிறது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம், கரண்ட் பில், வாடகை, வங்கி வட்டி எல்லாம் கொடுத்த பிறகு கையில் என்ன நிற்கிறது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்ன யூனிட் நடத்துபவர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான்.

இந்த நேரம் பார்த்து ஒரு போன் வரும். "பீஸுக்கு 6 ரூபாய் குறைச்சுக்கோங்க சார். கூடுதலா 8 ஆயிரம் பீஸ் ஆர்டர் தர்றோம்."

எடுக்கலாமா, வேண்டாமா?

இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு எண் தெரிந்தாக வேண்டும். ஒரு பீஸ் கூடுதலாகச் செய்தால் கையை விட்டு எவ்வளவு போகும்? அதற்குப் பெயர்தான் மாறும் செலவு. சிக்கல் என்னவென்றால், பல பட்டறைகளில் இந்த எண் எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் கையில் இருக்கிற கணக்கை வைத்தே பின்னோக்கிப் போய் அதைக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்க்கலாம்.

மேற்குச் சென்னையில் ஏன் இந்தக் கணக்கு?

ஆர்.வெங்கடராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1964-ல் தொடங்கப்பட்டது அம்பத்தூர் தொழிற்பேட்டை. பக்கத்திலேயே பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. ஆவடியில் ராணுவ டேங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். இந்த மாதிரி பெரிய ஆலைகளுக்கும், அவற்றுக்கு உதிரிபாகம் தருபவர்களுக்கும், அவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் புஷ், பின், பிராக்கெட் என்று செய்து கொடுப்பதுதான் இங்குள்ள ஏராளமான பட்டறைகளின் பிழைப்பு.

அதனால் மேலே தும்மினால் கீழே ஜுரம் வரும். 2019-ல் வாகன விற்பனை சரிந்தபோது, ஆகஸ்ட்டில் சுந்தரம் கிளேட்டன் பாடி ஆலைக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 வேலையில்லா நாட்களை அறிவித்தது. ஆலை நின்றால் பட்டறைக்கு வரும் ஆர்டரும் நிற்கும். ஆனால் பட்டறையின் வாடகை நிற்காது. எந்தச் செலவு நிற்கும், எந்தச் செலவு நிற்காது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்த மாதிரி மாதங்களில் முடிவெடுப்பது கொஞ்சம் சுலபம்.

நிற்கும் செலவு, நிற்காத செலவு

இரும்புக் கம்பி, டூல் பிட், இன்சர்ட், கூலன்ட் ஆயில், மெஷின் இழுக்கும் கரண்ட் யூனிட், பேக்கிங் அட்டை, டெலிவரி வண்டி வாடகை. பீஸ் போட்டால் இவை ஆகும், போடாவிட்டால் ஆகாது. இவை மாறும் செலவு.

ஷெட் வாடகை, மாதச் சம்பளம், வங்கி வட்டி, மெஷின் தேய்மானம், ஆடிட்டர் ஃபீஸ். ஒரு பீஸ்கூட போடாவிட்டாலும் இவை வந்து நிற்கும். இவை நிலைச் செலவு.

விற்ற விலையில் இருந்து மாறும் செலவை மட்டும் கழித்தால் மிஞ்சுவது 'பங்களிப்பு'. இது இன்னும் லாபம் ஆகவில்லை. முதலில் நிலைச் செலவை அடைக்க வேண்டும். அதற்கும் மேல் மிஞ்சினால்தான் லாபம். நிலைச் செலவுக்கும் லாபத்துக்கும் ஒவ்வொரு பீஸும் போடும் பங்கு என்பதால்தான் இந்தப் பெயர். விற்பனையில் இது எத்தனை சதவீதம் என்பதைத்தான் பி.காம் படித்தவர்கள் பி.வி. ரேஷியோ என்பார்கள்.

அப்படியென்றால் கணக்கைத் திருப்பிப் போடலாம் இல்லையா? விற்பனையில் இருந்து பங்களிப்பைக் கழித்தால் மாறும் செலவு வந்துவிடும். சதவீதத்தில் சொன்னால், 100-ல் இருந்து பங்களிப்பு சதவீதத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

பூந்தமல்லியில் ஒருவர் இட்லி மாவு பாக்கெட் போட்டு 45 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்களிப்பு 30 சதவீதம் என்றால், மாறும் செலவு 70 சதவீதம். அதாவது ரூ.31.50. அரிசி, உளுந்து, கவர், கிரைண்டர் கரண்ட் எல்லாம் இதற்குள். மீதி ரூ.13.50 கடை வாடகையை அடைக்கப் போகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

"சரி, பங்களிப்பு எவ்வளவு என்றே தெரியாதே, அதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கேதான் ஒரு சின்ன வழி இருக்கிறது.

பின்னோக்கிப் போகும் வழி

பங்களிப்பு என்பது விற்பனை கழித்தல் மாறும் செலவு மட்டுமல்ல. அதுவே நிலைச் செலவு கூட்டல் லாபமும்தான். நிலைச் செலவு எவ்வளவு என்று எந்த முதலாளிக்கும் மனப்பாடமாகத் தெரியும். தேதி வாரியாகக் கொடுப்பவர் அவர்தானே. லாபம் ஆடிட்டர் போட்டுத் தரும் மாதக் கணக்கில் இருக்கிறது. விற்பனை ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருக்கிறது. மூன்றும் கையில் இருந்தால் போதும்.

அம்பத்தூரில் ஒரு கற்பனைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சிஎன்சி மெஷினில் புஷ் கடைந்து கொடுக்கிறார்கள். மாதம் 40,000 பீஸ், பீஸ் 30 ரூபாய். விற்பனை ரூ.12,00,000.

நிலைச் செலவு: ஷெட் வாடகை 90,000. மாதச் சம்பளம் 2,20,000. வங்கி வட்டியும் தேய்மானமும் சேர்ந்து 1,10,000. மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம் 12,000. ஆடிட்டர், வாட்ச்மேன், போன் எல்லாம் 18,000. மொத்தம் ரூ.4,50,000.

அந்த மாத லாபம் ரூ.30,000.

பங்களிப்பு = 4,50,000 + 30,000 = ரூ.4,80,000.

மாறும் செலவு = 12,00,000 – 4,80,000 = ரூ.7,20,000.

40,000 பீஸால் வகுத்தால், ஒரு பீஸின் மாறும் செலவு ரூ.18. பங்களிப்பு ரூ.12. சதவீதத்தில் 60-க்கு 40. இரும்பு பில்லையும் இன்சர்ட் பில்லையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டாமலே எண் வந்துவிட்டது.

இது சரிதானா என்று பரிசோதிக்கவும் வழி உண்டு. ஆர்டர் குறைந்த வேறொரு மாதத்தை எடுங்கள். அந்த மாதம் 32,000 பீஸ் போட்டு, மொத்தச் செலவு ரூ.10,26,000 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். 40,000 பீஸ் போட்ட மாதத்தின் மொத்தச் செலவு ரூ.11,70,000. வித்தியாசம் 8,000 பீஸுக்கு ரூ.1,44,000. வகுத்தால் அதே 18. இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் நம்பலாம். 18-ம் 23-ம் வந்தால், எதையோ தப்பான பக்கத்தில் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

எங்கே தப்பு நடக்கும்?

முதல் இடம் ஜிஎஸ்டி. மேலே சொன்ன பட்டறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் பேங்கில் வந்து விழும் தொகை ரூ.14,16,000. "பேங்க்ல வந்ததுதானே விற்பனை" என்று அதையே எடுத்துக்கொண்டால் மாறும் செலவு ரூ.9,36,000 என்று காட்டும். பீஸுக்கு ரூ.23.40. உண்மையான செலவு 18 தான், கூடுதல் 5.40 என்பது அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, செலவே இல்லை. இந்தத் தப்பான எண்ணை நம்பி 22 ரூபாய் ஆர்டரை ஒருவர் திருப்பி அனுப்பினால், பீஸுக்கு 4 ரூபாய் பங்களிப்பைக் கையால் தள்ளிவிடுகிறார்.

இரண்டாவது, சரக்கு இருப்பு. இது கொஞ்சம் நுணுக்கமானது. ஆடிட்டர் போடும் லாபத்தில், விற்காமல் கிடக்கும் பீஸின் மதிப்புக்குள் வாடகையும் சம்பளமும்கூட ஒரு பங்கு ஏற்றப்பட்டிருக்கலாம். அதிகமாகச் செய்து குடோனில் அடுக்கிய மாதத்தில் லாபம் ஊதிப் பெரிதாகத் தெரியும். அடுக்கியதை விற்றுத் தீர்க்கும் மாதத்தில் லாபம் சுருங்கும்.

இது இன்று நேற்று வந்த குழப்பம் இல்லை. அமெரிக்காவில் 1936-ல் ஜோனதன் ஹாரிஸ் என்பவர் செலவுக் கணக்காளர்களின் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது: விற்பனை ஏறும்போது லாபம் இறங்குவதாகக் கணக்கு காட்டுவது ஏன்? நிலைச் செலவைச் சரக்கின் மேல் ஏற்றாமல் தனியாக வைத்தால் குழப்பம் தீரும் என்பதுதான் அவர் சொன்ன வழி. மாறும் செலவை மட்டும் தனியாகப் பார்க்கும் இன்றைய முறை பரவலானதில் அந்தக் கட்டுரைக்கு முக்கியப் பங்கு உண்டு. பட்டறைக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: செய்த பீஸும் விற்ற பீஸும் ஏறக்குறைய சமமாக இருந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, கூலி. பாடப் புத்தகத்தில் தொழிலாளர் கூலி மாறும் செலவு என்று போட்டிருக்கும். ஆனால் மாதச் சம்பளத்தில் இருக்கும் ஆபரேட்டருக்கு, ஆர்டர் இல்லாத வாரத்திலும் சம்பளம் உண்டு. அது நிலைச் செலவு. பீஸ் ரேட்டில் பிசிறு எடுக்கிறவர்களுக்குக் கொடுப்பதும் ஓவர்டைமும்தான் மாறும் செலவு. புத்தகத்தைப் பார்த்துப் பிரிக்காமல், பட்டறையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

24 ரூபாய் ஆர்டரை எடுக்கலாமா?

இப்போது அந்த போனுக்கு வருவோம். 30 ரூபாய் பீஸை 24 ரூபாய்க்கு, 8,000 பீஸ்.

பெரும்பாலானோர் போடும் கணக்கு இது: மொத்தச் செலவு 11,70,000, அதை 40,000-ஆல் வகுத்தால் பீஸ் அடக்கம் ரூ.29.25. 24-க்குக் கொடுத்தால் பீஸுக்கு 5 ரூபாய்க்கு மேல் நஷ்டம். "வேண்டாம் சார்."

ஆனால் வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே 40,000 பீஸிலேயே அடைந்துவிட்டன. கூடுதல் பீஸுக்கு ஆகும் செலவு 18 மட்டுமே. 24-ல் 18 போக பீஸுக்கு ரூ.6 மிச்சம். 8,000 பீஸுக்கு ரூ.48,000. மாத லாபம் 30 ஆயிரத்தில் இருந்து 78 ஆயிரமாகும். மெஷினில் நேரம் மிச்சம் இருக்க வேண்டும், புதிதாக ஆள் எடுக்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எடுக்கலாம்.

ஆனால் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. பழைய கஸ்டமரும் "அவங்களுக்கு 24-க்குக் கொடுக்கிறீங்களாமே" என்று கேட்டுவிட்டால்? 40,000 பீஸும் 24 ரூபாய்க்குப் போனால் பங்களிப்பு ரூ.2,40,000 மட்டும். நிலைச் செலவு நாலரை லட்சம். மாதம் ரூ.2,10,000 நஷ்டம். தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடை பேச்சு போதும், விலை வெளியே வர. மாறும் செலவைத் தாண்டிய எந்த விலையும் லாபம் என்று நினைத்து எல்லோருக்கும் இறங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதே எண்தான் மோசமான மாதத்திலும் வழி காட்டும். ஆர்டர் 20 சதவீதம் குறைந்து 32,000 பீஸ் ஆனால் பங்களிப்பு ரூ.3,84,000. நஷ்டம் ரூ.66,000. "நஷ்டத்துல எதுக்கு ஓட்டணும், ஒரு மாசம் மூடிடலாம்" என்று தோன்றும். மூடினால் நஷ்டம் ரூ.4,50,000.

கரண்ட் பில்லில் இரண்டு வரி

ஒரே பில்லில் இரண்டு வகைச் செலவும் இருப்பதற்கு மின் கட்டணத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. யூனிட்டுக்கு இவ்வளவு என்பது மாறும் செலவு. வாங்கி வைத்திருக்கும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்பது நிலைச் செலவு.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் மின் கட்டணம் உயர்ந்தபோது, தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு அதுவரை கிலோவாட்டுக்கு ரூ.35 ஆக இருந்த நிலைக் கட்டணம், 50 கிலோவாட்டைத் தாண்டிய பிரிவுக்கு ரூ.150 ஆனது. நம் கற்பனைப் பட்டறையின் இணைப்பு 80 கிலோவாட் என்றால், 2,800 ரூபாய் 12,000 ஆனது. கூடுதல் ரூ.9,200. அதன் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது. இங்கே அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

9,200-ஐப் பீஸ் பங்களிப்பான 12-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதம் 767 பீஸ் கூடுதலாகச் செய்து விற்றால்தான் பழைய இடத்திலேயே நிற்க முடியும். ஆர்டர் வராத மாதத்திலும் அந்த 9,200 போய்த்தான் ஆக வேண்டும்.

யூனிட் கட்டணம் உயர்ந்தால் பாதிப்பு வேறு மாதிரி. மாதம் 10,000 யூனிட் ஓடும் பட்டறையில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால், பீஸுக்கு 25 பைசா. வலிதான், ஆனால் மெஷினை நிறுத்தினால் அந்த வலியும் நிற்கும். நிலைக் கட்டணத்துக்கு அப்படி நிறுத்தும் ஸ்விட்ச் கிடையாது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறு குறு தொழில் நிறுவனங்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தியபோது, நிலைக் கட்டண உயர்வையும் உச்ச நேரக் கட்டணத்தையும் திரும்பப் பெறக் கோரியது ஏன் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஜாப் ஒர்க் என்றால் சதவீதம் ஏமாற்றும்

மேலே வந்த 18 ரூபாயில் இரும்பு மட்டும் 11 என்று வைத்துக்கொள்வோம் (டர்னிங் கழிவை விற்ற பணத்தைக் கழித்த பிறகு). இதே பீஸை ஜாப் ஒர்க்காக, கஸ்டமரே இரும்பு கொடுத்துச் செய்யச் சொன்னால் விலை 19 ரூபாய், மாறும் செலவு 7 ரூபாய். பங்களிப்பு அதே 12 தான். ஆனால் சதவீதம் 40-ல் இருந்து 63 ஆகத் தெரியும். "எனக்கு 63 பர்சென்ட், உனக்கு 40-தானா?" என்று பக்கத்து ஷெட்காரர் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. சொந்த இரும்பும் ஜாப் ஒர்க்கும் கலந்து ஓடும் பட்டறையில் ஒரே சதவீதத்தை வைத்து எல்லா ஆர்டருக்கும் மாறும் செலவு கண்டுபிடித்தால் இரண்டுமே தப்பாகும். தனித்தனியாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

ஆவடி பக்கம் சின்னச் சின்ன லாட்டாகப் பாதுகாப்புத் துறை வேலை எடுப்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. 50 பீஸ் ஆர்டராக இருந்தாலும் மெஷின் செட்டிங்குக்கு அரை நாள் போகும். அந்தச் செலவு பீஸுக்குப் பீஸ் ஏறாது, மாதத்துக்கும் நிலையாக இருக்காது. லாட்டுக்கு லாட் வரும். அதைத் தனி வரியாகக் கொட்டேஷனில் போடாவிட்டால், பின்னோக்கிப் போடும் கணக்கில் அது எங்கேயோ கலந்து, பெரிய ஆர்டரின் செலவை ஏற்றியும் சின்ன ஆர்டரின் செலவை இறக்கியும் காட்டும்.

5 சதவீதம் குறைக்கச் சொன்னால்?

வாகனத் துறையில் வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். நம் பட்டறையிடம் 5 சதவீதம் கேட்கிறார்கள். 30 ரூபாய் ரூ.28.50 ஆகிறது. கேட்க ஒன்றரை ரூபாய்தான்.

இரும்பு விலை மாறவில்லை, கரண்ட் மாறவில்லை. மாறும் செலவு அதே 18. பழைய பழக்கத்தில் "விற்பனையில் 60 சதவீதம்தானே" என்று போட்டால் ரூ.17.10 என்று வரும், அது தப்பு. விலை இறங்கியதால் சதவீதம்தான் 63-க்கு மேல் ஏறியிருக்கிறது.

பீஸ் பங்களிப்பு 12-ல் இருந்து ரூ.10.50 ஆனது. 40,000 பீஸுக்கு ரூ.4,20,000. முப்பதாயிரம் லாபம் முப்பதாயிரம் நஷ்டமாகிவிட்டது. முன்பு 37,500 பீஸ் போட்டால் தட்டிக்குத் தட்டி வந்த பட்டறை, இனி 42,858 பீஸ் போட வேண்டும். அவ்வளவு ஆர்டர் அதே கஸ்டமர் தருவாரா என்பதை விலை பேசும் மேஜையிலேயே கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டியிருக்கும்.

ஆர்டர் கூடாது என்றால் மிச்சம் ஒரே வழிதான். பங்களிப்பைப் பழையபடி 12-ல் நிறுத்த, மாறும் செலவை 18-ல் இருந்து ரூ.16.50-க்கு இறக்க வேண்டும். இதில் 11 ரூபாய் இரும்பு. அதன் விலையைப் பட்டறை முடிவு செய்வதில்லை. இன்சர்ட், கரண்ட், பிசிறு எடுக்கும் கூலி, பேக்கிங், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்த மீதி 7 ரூபாயில்தான் அந்த ஒன்றரை ரூபாயைத் தேட வேண்டும்.